மே மாதத்தில் பிறக்காதவர்கள்

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு 'வாரச் செய்தி' படிப்போம். படிப்போம் என்ன, நான்தான் படிப்பேன். எனக்குக் குரல் நன்றாக இருக்கும் என்று தலைமையாசிரியர் காதில் விழும்படி நானே பலமுறை சொல்லி வாங்கிக்கொண்ட வேலை அது. தமிழாசிரியர் என்ற பெயரும் இருந்ததால் யாரும் போட்டிக்கு வரவில்லை. ஆனால் குரல் மட்டும்தான் என்னுடையது. செய்தி முழுக்கத் தனக்கொடியம்மாவுடையது.

தனக்கொடியம்மா எங்கள் உப்பளம் பள்ளியின் அட்டெண்டர். கணவர் சுப்ரமணி இதே பள்ளியில் வாட்ச்மேனாக இருந்து திடீரென்று இறந்துபோனதில், எட்டாம் வகுப்பு படித்திருந்த அவருக்கு இந்த வேலை கிடைத்தது. வீடு பக்கத்தில் வம்பாகீரப்பாளையத்தில். சர்க்குலர் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு முறை எல்லா வகுப்புகளுக்கும் போய் வருவார். ஆசிரியர் நோட்டைப் படித்துக் கையெழுத்துப் போட அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் அந்த வகுப்பில் யார் வரவில்லை, யார் யாரோடு பேசுவதில்லை, யார் டிபன் பாக்ஸில் என்ன என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். கல்வித்துறை அவரைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் எழுதி, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு என் மேசையில் வைத்துவிடுவார். "ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது, காற்று வரவில்லை." "கணக்கு சார் பத்தாம் வகுப்பில் மறந்துவிட்ட குடை மூன்று வாரமாக அங்கேயே இருக்கிறது. மழையும் வரவில்லை." "செவ்வாய்க்கிழமை சாம்பாரில் முருங்கைக்காய் இருந்தது. புதன்கிழமை அதன் வாசனை மட்டும் இருந்தது." நான் ஒரு திருத்தமும் செய்யாமல் படிப்பேன். முதல் வருடம் செய்து பார்த்தேன், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அதோடு என் புலமையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

2008 ஜூனில் பாக்கியலட்சுமி மேடம் தலைமையாசிரியராக வந்தார். மூலக்குளம் பக்கத்துப் பள்ளியில் இருந்தவர், நல்லவர், எல்லாவற்றுக்கும் ஒரு ஃபைல் போடுகிறவர். வாரச் செய்தியைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அந்த வாரம் பொறந்த நாள் வர்ற பிள்ளைங்க பேரையும் படிங்களேன் சார், எல்லாரும் கைதட்டட்டும்" என்றார். செலவில்லாத யோசனை என்பதால் எனக்கும் பிடித்திருந்தது. சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தனக்கொடியம்மா பெயர்களை எடுத்துக் கொடுத்தார். முதல் வெள்ளி இரண்டு பேர். அடுத்த வெள்ளி மூன்று பேர். பெயரைச் சொன்னதும் பிள்ளை எழுந்து முன்னால் வந்து நிற்கும். பள்ளியே கைதட்டும். மேடையில் நின்ற ஐந்தாறு விநாடியில் அந்த முகங்கள் பூரித்துப்போவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நான்காவது வெள்ளிக்கிழமை, ஆறாம் வகுப்பு சுவேதா எழுந்து நின்றாள். கேள்வி கேட்பதற்காகவே பிறந்த பெண்.

"சார், எங்களுக்கெல்லாம் எப்ப?"

"ஒனக்கு எந்த மாசம்?"

"மே மாசம் சார்."

"அப்ப மே மாசம் படிப்பேன்."

"மே மாசம் ஸ்கூலே கெடையாதே சார். அப்ப யாரு கைதட்டுவாங்க?"

பள்ளி சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பாதிக்கு மேல் பிள்ளைகள் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

அன்று மாலை தனக்கொடியம்மா பதிவேட்டை விரித்து வைத்து எண்ணினார். முந்நூற்று எண்பத்தாறு பிள்ளைகளில் இருநூற்று நாற்பத்தோரு பேர் மே மாதத்தில் பிறந்திருந்தார்கள். மே பதினைந்தில் மட்டும் ஐம்பத்தெட்டுப் பேர். வம்பாகீரப்பாளையத்திலும் திப்புராயப்பேட்டையிலும் மே பதினைந்து வந்தால் அப்படி என்னதான் நடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம். எங்களுக்கு விஷயம் தெரியும். பிறப்புச் சான்றிதழ் வாங்கி வைக்கும் பழக்கமில்லாத வீடுகள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வரும்போது, பிள்ளை தலைக்கு மேலே கையைச் சுற்றி எதிர்ப்பக்கத்துக் காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. தேதி கேட்டால் அப்பா தலையைச் சொறிவார். தலைமையாசிரியர் மே மாதத்தில் கைக்கு வந்த ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஜூன் மாதச் சேர்க்கைக்கு வயது கச்சிதமாக இருக்கும். காலங்காலமாக நடந்த காரியம். அதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்லை, நாங்கள் கைதட்ட ஆரம்பிக்கும் வரை.

நானாக இருந்திருந்தால் அந்தப் பகுதியை அப்படியே நிறுத்தியிருப்பேன். தனக்கொடியம்மா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீடு வீடாகப் போய் அம்மாக்களைக் கேட்டார். அப்பாக்களைக் கேட்கவில்லை. அதில் பிரயோஜனம் இல்லை என்பது அவர் அனுபவம்.

அம்மாக்களுக்குத் தேதி தெரியவில்லை, நாள் தெரிந்திருந்தது. "மாசி மகத்துக்கு மொத நாளு." "வீராம்பட்டினம் தேரு அன்னிக்கு. தேரு இழுக்கப் போன மனுசன் வர்ல, இவ வந்துட்டா." "பொங்கப் பான வெச்சேன், பால் பொங்கறதுக்குள்ள வலி எடுத்துடுச்சி. பக்கத்து வூட்டம்மாதான் பானைய எறக்குனாங்க." சுவேதாவின் அம்மா சொன்னது: "தீவாளிக்கு ரெண்டு நாளு இருக்கச்சே. வெடி சத்தத்துல இவ அழுததே யாருக்கும் கேக்கல. அதுக்கு சேத்துதான் இப்ப பேசறா."

நோட்டு நிரம்பியது. அதைப் பார்த்து மேடம் பயந்துவிட்டார்.

"ரெஜிஸ்டர்ல ஒரு தேதி, மைக்குல ஒரு தேதின்னா, நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் என்ன பதில் சொல்றது தனக்கொடியம்மா?"

"தேதியே சொல்ல வாணாம் மேடம். பேர மட்டும் படிக்கட்டும். ரெஜிஸ்டர்ல இருக்கறது கவர்மெண்டுக்கு. நோட்ல இருக்கறது அவங்கம்மா சொன்னது."

மேடம் ஃபைலைத் திறந்தார், மூடினார். "நோட்டு ஆபீஸ் பீரோவுல இருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான் அனுமதி. தேர் முடிந்த மறு வெள்ளிக்கிழமை நான்கு பேர் முன்னால் வந்து நின்றார்கள். பதிவேட்டின்படி நான்கு பேரும் மே பதினைந்து.

செப்டம்பரில் ஒரு நாள் சுவேதா வராண்டாவில் வைத்து தனக்கொடியம்மாவையே கேட்டுவிட்டாள். "ஒங்களுக்கு எப்பம்மா பொறந்த நாளு?"

"நானும் மே பதினஞ்சுதான்டி, போ" என்று சிரித்தார் தனக்கொடியம்மா. அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோ போல இருந்தது.

அன்று மாலை நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார். "சார், ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் எட்டு மாசம். அதுக்குள்ள ஒரு வாட்டி என் பேர நீங்க மைக்குல படிக்கணும். இருவது வருசமா ஊர்ல இருக்கறவங்களப் பத்தியெல்லாம் எழுதறேன். என்னப் பத்தி ஒரு வரி வந்ததில்ல. எனக்கு ஆசையா இருக்கு சார்."

ஐம்பத்தொன்பது வயதுக்காரர் கூச்சப்படாமல் கேட்டுவிட்டார். எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது. "இதுக்கென்னம்மா, ஏதாச்சும் ஒரு நாளச் சொல்லுங்க, இந்த வெள்ளிக்கிழமையே படிச்சிடறேன்" என்றேன்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏதாச்சும் ஒரு நாளத்தான் ஏற்கனவே ஒரு எட்மாஸ்டர் போட்டுட்டாரே சார்."

தனக்கொடியம்மாவின் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவர் பிறந்த நாளைத் தெரிந்தவர் உயிரோடு ஒரே ஒரு ஆள்தான், அக்கா செல்வாம்பாள். வீராம்பட்டினத்தில் வாக்கப்பட்டவர், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அக்காவும் தங்கையும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. தனக்கொடியம்மா மகன் கல்யாணத்தின்போது ஆரம்பித்தது. இவர் அக்கா வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுக்காமல், அவசரத்தில் மார்க்கெட்டிலேயே வைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அக்கா கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அக்கா கண்ணில் படக் கூடாது என்று, நடந்து போகிற தூரத்தில் பெரிய மார்க்கெட் இருக்கும்போது, கத்தரிக்காய் வாங்க நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்கு பஸ் ஏறிப் போகிறார் இந்த அம்மா. வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா?

"நீங்களும் கூட வாங்க சார். வேத்து மனுசங்க இருந்தா அக்கா கத்தாது" என்றார். சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டில் மீன் பேச்சே எடுப்பதில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலை மூக்கைப் பிடித்துக்கொண்டு போனேன்.

செல்வாம்பாள் ஒரு பெரிய சங்கரா மீனை அரிவாள்மணையில் வைத்துச் செதில் சீவிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தார், பார்க்காத மாதிரி என் பக்கம் திரும்பினார். "வாங்க சாரு, இன்னா மீனு வேணும்?"

"மீன் வேணாம்மா. நான் தனக்கொடியம்மா வேல செய்யற ஸ்கூல்ல வாத்தியாரு. ஒரு விவரம் கேக்கணும்" என்று ஆரம்பித்து, வாரச் செய்தி, கைதட்டு, மே மாதம் என்று எல்லாவற்றையும் நீளமாக விளக்கினேன். பக்கத்துக் கடைக்காரம்மா வியாபாரத்தை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முழுவதையும் கேட்டுவிட்டு செல்வாம்பாள் சொன்னார்: "ஏன், கூட வந்தவங்களுக்கு வாய் இல்லியா?"

தனக்கொடியம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றார். "அக்கா, நான் என்னிக்குப் பொறந்தேன்?" என்றார். பதினோரு வருடத்துக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு.

செல்வாம்பாள் யோசிக்கவே இல்லை. "சரஸ்வதி பூசைக்கு மறுநாளு. விசயதசமி. காலைல எட்டு, எட்டர மணி இருக்கும்."

"எப்பிடிக்கா அவ்ளோ கரெக்டா சொல்ற?"

"எப்பிடியா?" அக்கா மீனைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். "எனக்கு ஆறு வயசு. நம்ம ஊரு பிரெஞ்சுக்காரன் கைல இருந்த காலம். என்ன ஸ்கூல்ல சேக்க அப்பா கூட்டிக்கினு போனாரு. பச்சப் பாவாட, புது சிலேட்டு. மத்த புள்ளைங்களுக்குக் குடுக்க பொரி வேற. எனக்கு முன்னாடி நாலு பேரு. நாலு பேரும் அரிசில எழுதிட்டு எழுந்துட்டாங்க. என் மொற வந்துச்சி. வாத்தியாரு காதத் தொடுன்னாரு. தொட்டேன். நல்லாத் தொட்டேன். ஒக்காரும்மான்னாரு. ஒக்காந்துட்டேன். அரிசித் தட்ட என் பக்கம் நவுத்தினாரு. அப்ப எதுத்த வூட்டம்மா ஓடியாந்துச்சி, அம்மாவுக்கு வலின்னு. அப்பா என் கையப் புடிச்சி இழுத்துக்கினு ஓடியாந்துட்டாரு. வந்து பாத்தா நீ பொறந்துட்ட."

மார்க்கெட் இரைச்சல் தன் பாட்டுக்கு இருந்தது. செல்வாம்பாள் தொடர்ந்தார்.

"அடுத்த வருசம் சேக்கலாம்னாரு அப்பா. அடுத்த வருசம் நீ என் இடுப்புல இருந்த. அதுக்கு அடுத்த வருசம் நீ ஓட ஆரமிச்சிட்ட, உன் பின்னால ஓட ஆளு வேணும். அப்பறம் எனக்கு காதத் தொட்டுப் பாக்கற வயசே போயிடுச்சி. உன்ன மட்டும் நல்லபடியா சேத்தாங்க, நீயும் படிச்ச. நல்லாத்தான் படிச்ச. ஆனா அன்னிக்கி இங்க வந்து, என் கைல பத்திரிகைய வெச்சி, 'படிச்சிப் பாரு, எல்லாம் அதுல இருக்கு'ன்னுட்டுப் போன பாரு..."

பதினோரு வருடக் கோபத்துக்குக் காரணம் வெற்றிலை பாக்கு என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது வெற்றிலை பாக்கு அல்ல.

தனக்கொடியம்மா ஈரத் தரை என்றும் பார்க்காமல் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்? நீயே அன்னிக்குத்தான பொறந்த" என்றார் செல்வாம்பாள். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தங்கைக்கு அழுகை வந்தது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கிலோ சங்கரா வாங்கினேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாமல் வழியில் பக்கத்துத் தெரு நண்பனிடம் கொடுத்துவிட்டுப் போனது வேறு கதை.

திரும்பும் வழியில் தனக்கொடியம்மா, "என் பேர படிக்க வாணாம் சார்" என்றார்.

"ஏம்மா? இப்பதான் நாளு கெடச்சிடுச்சே."

"அது அக்காவோட நாளு சார். நான் பொறந்து அத்தக் கெடுத்துட்டேன். அதுக்கு முந்நூறு பேரு கைதட்டணுமா?"

பிறந்த குழந்தை எதைக் கெடுத்தது என்று எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். அசையவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. அந்த அம்மா எனக்கு எழுதிக் கொடுத்த ஆயிரம் செய்தியைப் படித்திருக்கிறேன், அவரைப் பற்றிய ஒன்றைப் படிக்க முடியாதென்றால் இந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்த வருடம் விஜயதசமி வியாழக்கிழமை வந்தது. மறுநாள் வெள்ளி. பதினோரு மணிக்கு வழக்கம்போல் தாள் என் மேசைக்கு வந்தது. குடிநீர்க் குழாய், ஒன்பதாம் வகுப்பின் உடைந்த ஜன்னல், பிறந்தநாள் மூன்று பேர். அவர் பெயர் இல்லை.

மதியம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்துகொண்டிருந்தபோது கேட்டுக்குள் ஒரு பெண்மணி வந்தார். கூடை இல்லாததாலும் அரக்குப் பட்டு கட்டியிருந்ததாலும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் வந்து, "சாரு, இன்னிக்குத்தான படிப்பீங்க?" என்று கேட்டதும்தான் செல்வாம்பாள் என்று தெரிந்தது.

"அவங்க படிக்க வேணான்னுட்டாங்கம்மா."

"அவ யாரு வேணான்றதுக்கு? அந்த நாளு அவுளுது மட்டுமில்ல, என்னுதும்தான். அன்னிக்கி ஒரு நல்லதாச்சும் நடந்துச்சின்னு நாலு பேரு சொல்லி நான் கேக்கணும். படிங்க."

மேடம் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். நான் தாளின் கடைசியில் என் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தேன். முதல் வருடத்துக்குப் பிறகு தனக்கொடியம்மாவின் தாளில் நான் கை வைத்தது அன்றுதான்.

குழாயைப் படித்தேன். ஜன்னலைப் படித்தேன். மூன்று பேருக்கும் கைதட்டி முடித்தார்கள். "நான்காவதாக, நேற்று விஜயதசமி அன்று பிறந்தநாள் கண்டவர், நம் பள்ளியின் தனக்கொடி அம்மா" என்றேன். கடைசி வார்த்தையில் குரல் பிசிறிவிட்டது. மைக் சரியில்லை என்று அப்புறம் எல்லோரிடமும் சொன்னேன்.

ஒரு விநாடி யாருக்கும் புரியவில்லை. பிறகு சுவேதா எழுந்து நின்று தட்டினாள். அப்புறம் மொத்தப் பள்ளியும் எழுந்துகொண்டது. ஆபீஸ் வாசலில் நின்ற தனக்கொடியம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகள் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் நிறுத்தினார்கள். அப்போதுதான் நாற்காலியில் இருந்த அக்காவைப் பார்த்தார். செல்வாம்பாள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை.

எல்லாம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போனபின் செல்வாம்பாள் என்னிடம் கையை நீட்டினார். "அந்தத் தாளக் குடுங்க சாரு." கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல அவ பேரு எங்க இருக்கு?"

தனக்கொடியம்மா 'தனக்கொடி' என்பதில் விரலை வைத்துக் காட்டினார். "இதோக்கா."

"இத்தினூண்டா? இதுக்கா எட்டு வருசம் படிச்ச?" பிறகு கொஞ்சம் தயங்கினார். "என்னுது எழுதினா எம்மாம் இருக்கும்?"

தனக்கொடியம்மா என் பேனாவை வாங்கினார். தன் பெயருக்குக் கீழே, தன் பெயருக்கு நேராகத் தொடங்கி, 'செல்வாம்பாள்' என்று எழுதினார். அக்கா அதன் மேல் விரலை வைத்து மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துப் பார்த்தார். தங்கையின் பெயரைத் தாண்டி அது இன்னும் போயிற்று.

"ஒன்னுத விட என்னுதுதான்டி பெருசு" என்றார், ஆறு வயதுப் பிள்ளை மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக.